நிமேலி என்றால் என்ன?

பக்கத்து அறையிலிருந்து வீல் என்று ஓர் அலறல் கிளம்பியது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டே தம்பியின் குரல்.

"போச்சு! இந்தப் பேரும் போச்சு!"

அடுப்படியில் பாலுக்குக் காவல் நின்ற மைக் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இந்தக் கூத்துதான். தம்பி மனைவி கட்டிலில் சாய்ந்தபடி கைபேசியைப் பார்த்து ஒரு பெயரையும் அதன் பொருளையும் வாசிப்பாள். தம்பி குனிந்து, குழந்தையின் மூக்குக்கு நேரே அந்தப் பெயரை முழங்குவான். குழந்தை அழுதால் பெயர் தள்ளுபடி. அவன் சாவி வெட்டும் கடை வைத்திருப்பவன். "பூட்டுல போட்டுப் பார்க்காம சாவி பொருந்துமான்னு எப்படிச் சொல்றது?" என்பது அவன் கட்சி. அந்த முழக்கத்துக்கு எந்தக் குழந்தைதான் அழாது என்று கேட்டால் அவன் காதில் வாங்குவதில்லை.

பாலை ஆற்றி எடுத்துக்கொண்டு மைக் அக்கா உள்ளே போனாள். குழந்தை அம்மாவின் தோளில் விசும்பிக்கொண்டிருந்தது.

"அண்ணி, நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க. ஆதிரைன்னு எவ்வளவு அழகான பேர்! நட்சத்திரத்தோட பேராம். உங்க தம்பி கத்தின கத்துல இவ நட்சத்திரத்தையே பார்த்துட்டா."

"நான் எங்க கத்தினேன்? நல்ல பேருதான். ராத்திரி கரண்ட் போனா உதவும். ஆனா அழுதுட்டாளே, நான் என்ன பண்ண?"

"அப்போ நறுமுகை? மணக்குற மொட்டுன்னு அர்த்தம்."

"முதல்ல துணியை மாத்து, அப்புறம் மணக்குதான்னு பார்ப்போம்."

மூவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் நடுவில், தானே எதிர்பாராத ஒரு நொடியில், மைக் அக்காவின் வாயிலிருந்து அது நழுவி விழுந்தது.

"நிமேலின்னு வெச்சா எப்படி இருக்கும்?"

குழந்தை விசும்பலை நிறுத்தியது. ஒரு விக்கல் எடுத்தது. அவ்வளவுதான்.

"அட! அழலையே!" என்றான் தம்பி.

தம்பி மனைவியின் விரல் அதற்குள் கைபேசியில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் நெற்றி சுருங்கியது. "என்ன அண்ணி இது, எங்கேயுமே இல்லையே. 'இதைத் தேடினீர்களா'ன்னு என்னமோ வயித்துவலி மாத்திரையைக் காட்டுது. என்ன அர்த்தம் இதுக்கு?"

"தெரியலைம்மா. கேக்க நல்லா இருந்துச்சு."

"கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அர்த்தம் வேணும் அண்ணி." விளையாட்டு அவள் குரலை விட்டுப் போயிருந்தது. "சின்ன வயசுல எங்கம்மாகிட்ட கேட்டேன், எனக்கு ஏன் இந்தப் பேர் வெச்சீங்கன்னு. 'என்னமோ, வாயில வந்துச்சு'ன்னாங்க. அன்னைக்கு முழுக்க நான் யார்கிட்டயும் பேசலை. எங்க பிஸ்கட் கம்பெனியில உள்ள என்ன இருக்குன்னு மேல எழுதாம ஒரு பாக்கெட்கூட வெளிய போகாது. என் பொண்ணை மட்டும் சும்மா அனுப்புவேனா? நாளைக்கு அவ கேட்டா நான் ஒரு பதில் சொல்லணும்."

தம்பி அக்காவையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தான். இருவரில் ஒருவரைப் பகைத்துக்கொண்டாலும் அன்றைக்குச் சோறு கிடைக்காது.

"சரி, இப்படி வெச்சுக்கலாம்," என்றாள் தம்பி மனைவியே. "திங்கக்கிழமை பதிவு ஆபீஸுக்குப் போறோம். ஞாயித்துக்கிழமைக்குள்ள இதுக்கு ஒரு அர்த்தம் கண்டுபிடிச்சுக் கொண்டு வாங்க. நல்ல அர்த்தமா இருந்தா, சத்தியமா இதையே வெச்சிடறேன். இல்லேன்னா இந்த லிஸ்ட்ல ஒண்ணு. சம்மதமா? ஆமா, உங்களுக்கு எங்கேர்ந்து கிடைச்சது இந்தப் பேர்?"

"எங்கேயோ கேட்டேன். பால் பொங்குதுன்னு நினைக்கிறேன்" என்று மைக் அக்கா விறுவிறுவென்று அடுப்படிக்குப் போனாள்.

பால் அவள் கையிலேயே இருந்தது.

அவளுக்கு மைக் அக்கா என்ற பெயர் வந்த கதை சின்னது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் வெளிநோயாளிகள் கூடத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் மைக் முன்னால் உட்கார்ந்து, நோயாளிகளைப் பெயர் சொல்லி அழைப்பது அவள் வேலை. சீட்டு ஒரு சந்து வழியாக உள்ளே வரும். பெயரை இரண்டு தரம் சொல்லி, ஒரு மூச்சு விட்டு, பிறகு அறை எண்ணைச் சொல்வாள். வீட்டிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. "சாப்பிட வா... சாப்பிட வா... அடுப்படி" என்பாள். ஒருமுறை பேருந்தில் நடத்துநரையே அப்படி இரண்டு தரம் கூப்பிட்டதும், பேருந்தில் பாதிப் பேர் எழுந்து நின்றுவிட்டார்கள் என்று தம்பி இட்டுக்கட்டிச் சொல்வான்.

இத்தனை வருடங்களில் பெயர்களைப் பற்றி அவள் கண்டுவைத்திருந்தது ஏராளம். மகாராணிகளின் பெயர் வைத்திருப்பவர்கள் பூனைபோல் பதுங்கி வருவார்கள். சிலருக்குத் தங்கள் பெயரே தெரியாது; வீட்டில் குட்டி, பாப்பா என்றே வளர்ந்திருப்பார்கள்; சீட்டில் உள்ள பெயரைக் கேட்டதும், யாரோ பாவம், வரவில்லையே என்று சுற்றிலும் பார்ப்பார்கள். பக்கத்தில் இருப்பவர் விலாவில் இடித்த பிறகுதான் "ஐயோ நான்தான்!" என்று ஓடுவார்கள். ஆனால் எந்தப் பெயரைக் கூப்பிட்டாலும், எங்கோ ஒரு தலை நிமிரும். அந்தத் தலை நிமிரும் நொடிக்காகவே தான் அந்தக் கூண்டில் உட்கார்ந்திருப்பதாக அவளுக்கு அடிக்கடி தோன்றும்.

ஏன் என்று கேட்கிறீர்களா? அதற்கு அவள் நெஞ்சுக்குள் கொஞ்சம் இறங்கிப் பார்க்க வேண்டும்.

பல வருடங்களுக்கு முன்னால், ஊரின் மறுகோடியில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி இருந்தது. இப்போது அந்தக் கட்டடமே இல்லை. அங்கே ஜன்னலோரக் கட்டிலில் அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. மாதம் நிறையாமல் பிறந்த, உள்ளங்கையில் அடங்குகிற குழந்தை. மருத்துவர்கள் தங்களால் ஆனதையெல்லாம் செய்துவிட்டு, அம்மாவின் மார்போடு அதை வைத்துவிட்டுப் போனார்கள். குழந்தை கண்ணைத் திறக்கவே இல்லை. அப்போது, அடுத்த அறையிலிருந்து யாரோ கூப்பிடும் குரல் கேட்டது. "நிமேலீ... நிமேலீ..." கோபமில்லாத, அவசரமில்லாத, வந்தால் மடியில் உட்கார வைத்துக்கொள்வேன் என்கிற மாதிரியான குரல். அந்தக் குரலுக்குக் குழந்தை கண்ணைத் திறந்தது. கருகருவென்ற கண்கள். அம்மாவைப் பார்த்தது. நன்றாகப் பார்த்தது.

சாயங்காலம் வரை இருந்தது.

ஆஸ்பத்திரி தந்த காகிதத்தில், குழந்தையின் பெயர் என்று இருந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தார்கள். கணவர் அதைப் பற்றிப் பேசவிடவில்லை; பேசினால் எழுந்து வெளியே போய்விடுவார். சில வருடங்களில் அவரும் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த தம்பிக்கு, அக்காவுக்கு ஒரு குழந்தை தங்கவில்லை என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. அந்தப் பெயர் மட்டும் அவளுக்குள்ளேயே கிடந்தது. தொண்டை வரை வரும். வாய்க்கு வராது. அன்றைக்குத்தான், குழந்தையைச் சுற்றி எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது, முதன்முறையாக வெளியே குதித்துவிட்டது.

குதித்தது குதித்துவிட்டது. இனி அது வாழ வேண்டும் என்று அவளுக்குப் பேராசை வந்துவிட்டது. அந்தப் பெயரைச் சொன்னால் இந்த வீட்டில் ஒரு பெண் ஓடி வர வேண்டும். பள்ளியில் கூப்பிட வேண்டும், கல்யாணப் பத்திரிகையில் அச்சாக வேண்டும். அதற்குத் தேவை ஒரே ஓர் அர்த்தம்.

மறுநாளே தேடல் ஆரம்பமானது. சீட்டைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்களிடம் கண்ணாடிச் சந்து வழியாக, "உங்க பேருக்கு என்னங்க அர்த்தம்? யார் வெச்சாங்க?" என்று கேட்கத் தொடங்கினாள். அப்படிக் கேட்டு, கடைசியில் நிமேலியை நுழைத்துவிடுவது திட்டம். ஆனால் ஜனங்கள் சொன்ன பதில்களில் அவளே தன்னை மறந்துவிட்டாள். ஒரு தச்சர் தன் பெயர் அப்பா வேலை பார்த்த கப்பலின் பெயர் என்றார். கப்பல் மூழ்கிவிட்டதாம், அவர் மூழ்கவில்லை. ஒரு பெண், "பக்கத்து வீட்டு டீச்சர் பேருங்க. அவங்க நடக்குற நடை எங்கம்மாவுக்குப் பிடிக்கும். நான் நொண்டிக்கிட்டு வந்து நிக்கிறேன் பாருங்க" என்று கட்டுப்போட்ட காலைக் காட்டிச் சிரித்தாள். வீரன் என்று பொருள்படும் பெயர்கொண்ட ஒருவர் ஊசிக்குப் பயந்து கழிவறையில் ஒளிந்திருந்தார். சிரித்தே அறியாத ஒரு பெரியவரின் பெயருக்கு ஆனந்தம் என்று பொருள். "வெச்சவங்களுக்கு ஆனந்தமா இருந்திருக்கும்" என்றார்.

நிமேலியைப் பற்றி மட்டும் கிணற்றில் போட்ட கல்தான். ஒரு துறைமுகத்தின் பெயர்போல் இருக்கிறது என்றார் ஒரு மாலுமி. தன் பாட்டியூரில் ஒரு கிழங்குக்கு அந்தப் பெயர் என்றான் மருந்துக் கடைக்காரன்; பிறகு அது வேறு கிழங்கு என்று அவனே வந்து சொல்லிவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு நூலகத்துக்குப் போனாள். கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு, அதையே மேசையெல்லாம் தேடிக்கொண்டிருந்தார் நூலகர். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கும் பொறி தட்டிவிட்டது. தடித் தடி அகராதிகளை இறக்கினார். இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து பக்கம் புரட்டினார்கள். "நி... நிம... இருங்க இருங்க" என்று அவர் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் மைக் அக்கா நாற்காலி நுனிக்கு வந்துவிடுவாள்.

"அப்படியே ஒரு சொல் இல்லைம்மா," என்றார் கடைசியில். "ஆனா நிமீலனம்னு ஒரு வடசொல் இருக்கு. அதுலேர்ந்து யாராவது உருட்டியிருக்கலாம். என் ஊகம்தான், நிச்சயம்னு எடுத்துக்காதீங்க."

"அதுக்கு என்னங்கய்யா அர்த்தம்?"

"கண்ணை மூடிக்கிறது."

மைக் அக்கா எழுந்துவிட்டாள். எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள். கண்ணைத் திறக்க வைத்த பெயர் என்று இத்தனை காலம் அவள் நினைத்திருக்க, அதற்கு இப்படி ஓர் அர்த்தமா? தூக்கத்தைச் சொல்கிறார்கள், தியானத்தைச் சொல்கிறார்கள் என்று நூலகர் என்னென்னவோ நல்லவிதமாக விளக்கினார். எதுவும் அவள் காதில் ஏறவில்லை. கண்ணை மூடிய ஒரு முகம்தான் அவள் முன்னால் நின்றது.

வீட்டுக்குப் போனதும் தம்பி மனைவி ஆவலாகக் கேட்டாள். "கிடைச்சுதா அண்ணி?"

"இன்னும் இல்லை" என்று மென்று விழுங்கினாள் மைக் அக்கா. வாழ்க்கையில் அவள் சொன்ன பொய்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இதுவும் அந்தக் கணக்கில் சேர்ந்தது.

சனிக்கிழமை கூடத்தில் கூட்டம் குறைவு. மதியத்துக்கு மேல் சீட்டு வருவது நின்றுபோனது. மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. பெஞ்சுகளில் சிலர் தூங்கி வழிந்தார்கள். மைக் அக்கா மைக்கைப் பார்த்தாள். மைக் அவளைப் பார்த்தது.

அந்தக் கூண்டில் அவள் ஒருபோதும் மீறாத சட்டம் ஒன்று உண்டு. சீட்டில் இல்லாத பெயரை மைக்கில் சொல்லக் கூடாது. ஏதாவது ஒரு தலை நிமிர்ந்து, நம்மைத்தான் என்று நம்பி எழுந்து வந்துவிடும். வந்தவரைச் சும்மா திருப்பி அனுப்புவது பாவம். அப்படிப்பட்டவள் அன்றைக்குப் பொத்தானை அமுக்கினாள். நாளைக்கு இந்தப் பெயருக்கு முடிவு கட்டிவிடுவார்கள். ஒரே ஒரு தரம், வாய்விட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும்.

"நிமேலி... நிமேலி."

அறை எண்ணைச் சொல்லவில்லை. சொல்ல எண் ஏது?

கூடம் முழுக்க அந்தப் பெயர் போய் மோதித் திரும்பியது. யாரும் எழவில்லை. ஒரு தலையும் நிமிரவில்லை. அவள் கண்கள் மங்கலாகத் தொடங்கிய அந்த நேரத்தில், கடைசி பெஞ்சிலிருந்து கணகணவென்று ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஒரு கண்ணில் பச்சைத் துணி மறைத்த ஓர் அம்மாள், வயிறு குலுங்கச் சிரித்தபடி கைத்தடியை ஊன்றிக் கூண்டை நோக்கி வந்தாள்.

"அடி ஆத்தி! அது செத்து எத்தனையோ காலமாச்சே! இப்போ எதுக்குடி அதை மைக் வெச்சுக் கூப்பிடுற?"

மைக் அக்கா நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள். "யாரு... யாரும்மா செத்தது? உங்களுக்கு அந்தப் பேரைத் தெரியுமா?"

"தெரியாமலா? அந்தப் பழைய பிரசவ ஆஸ்பத்திரியில ஆயுசு பூரா வேலை பார்த்தவ நான். வார்டம்மான்னு கேட்டுப் பாரு, தெரியாதவங்க கிடையாது."

அதற்குள் கண் மருத்துவரின் அறையில் மணி அடித்தது. செவிலி ஒருத்தி வந்து வார்டம்மாவின் கையைப் பிடித்தாள். சந்து வழியாக நாலைந்து சீட்டுகள் ஒன்றாக வந்து விழுந்தன. கூண்டை விட்டு இறங்க வழியில்லை. மைக் அக்கா கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு கெஞ்சினாள்.

"அம்மா, ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வாங்களேன். வீட்டுல பச்சைக் குழந்தை இருக்கு. பக்கத்துலதான், சாவிக்கடை மாடி."

"பச்சைக் குழந்தையா?" என்று அந்த ஒற்றைக் கண் மின்னியது. "அப்போ வராம இருப்பேனா!"

அன்று இரவு மைக் அக்கா தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். செத்துப்போன நிமேலி யார்? அடுத்த அறையில் இருந்த ஒருத்தியா? அவளும் பெற்றுப் பறிகொடுத்தவளா? அல்லது பெற்றுவிட்டுத் தானே போய்விட்டவளா? அப்படிப்பட்ட பெயரையா இந்தப் பிஞ்சுக்கு வைக்கத் துணிந்தோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். தம்பி மனைவி அவளைக் கவனித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வார்டம்மா மாடிப்படி ஏறி வந்தாள். கண்ணில் துணி இல்லை, ஒரு கறுப்புக் கண்ணாடி மட்டும். வாசல் கதவு இறுகிக்கொண்டு, தம்பி உள்ளேயிருந்து இரண்டு இழுப்பு இழுத்த பிறகுதான் திறந்தது.

"ஊருக்கெல்லாம் பூட்டு பார்க்குறவனாம், சொந்த வீட்டுக் கதவைப் பாரு" என்றாள் வந்த வேகத்தில். தம்பி தலையைச் சொறிந்தான். வார்டம்மா கை கழுவிக்கொண்டு வந்து, யாரையும் கேட்காமல் குழந்தையை அள்ளி ஒரு முழங்கையில் போட்டுக்கொண்டாள். குழந்தை அங்கேயே பிறந்ததுபோல் அடங்கிக் கிடந்தது.

தேநீர் வந்தது. தம்பி மனைவிக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, நிமேலிங்கிற பேர்ல ஒருத்தரை உங்களுக்குத் தெரியும்னு அண்ணி சொன்னாங்க. யாரும்மா அவங்க?"

"அவங்களா?" வார்டம்மா தேநீரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "பூனைம்மா அது! சாம்பல் நிறத்துல, ஒரு காது பாதி இல்லாம, எங்க வார்டுப் பூனை!"

தம்பி வெடித்துச் சிரித்தான். "பூனையா! அக்கா, என் பொண்ணுக்குப் பூனைப் பேரா வைக்கப் பார்த்த? நல்லவேளை, எலிக்குப் பேர் வெச்சிருந்தா அதையும் கொண்டு வந்திருப்ப!"

"சும்மா இருங்க" என்ற தம்பி மனைவிக்கும் உதட்டோரம் துடித்தது. "யாரு வெச்சாங்க அந்தப் பேரை?"

"யாருக்குத் தெரியும்? நான் வேலைக்குச் சேர்ந்தப்பவே அதுக்கு அந்தப் பேர்தான். என்ன அர்த்தம்னு நானும் கேட்டதில்லை. ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. மத்த பூனையெல்லாம் தட்டுச் சத்தம் கேட்டா வரும். இது பேரைச் சொன்னாத்தான் வரும். பேரைச் சொன்னா எங்க இருந்தாலும் வரும். வலி தாங்காம கத்துற பொண்ணுங்ககிட்ட நாங்களே சொல்வோம், 'ஏன்டி ஊரைக் கூட்டுற, நிமேலியைக் கூப்பிடு'ன்னு. அதுங்களும் கூப்பிடும். இது வந்து ஜன்னல்ல உக்காந்து, பெரிய டாக்டர் மாதிரி பார்த்துக்கிட்டே இருக்கும். நிஜ டாக்டர் வந்தா ஒரே ஓட்டம்! கட்டில் கட்டிலா எத்தனை பேருக்குத் துணை அது. எங்களுக்குத் தெரிஞ்சு அந்தப் பேருக்கு அர்த்தம் அதுதான். கூப்பிட்டா வர்றது."

மைக் அக்காவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். பூனை! இத்தனை வருடம் நெஞ்சுக்கூட்டுக்குள் பொத்தி வைத்தது ஒரு பாதிக் காதுப் பூனையின் பெயர்! சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. முந்தானையால் துடைத்தாள். மறுபடி வந்தது. மறுபடி துடைத்தாள். அது சிரிப்பின் கண்ணீர் இல்லை என்பதை முதலில் கண்டவள் தம்பி மனைவி.

"அண்ணி?"

"நான் அந்த வார்டுல இருந்தேன்மா," என்றாள் மைக் அக்கா. வார்டம்மாவைப் பார்த்துச் சொன்னாலும் எல்லோருக்கும் சேர்த்துத்தான் சொன்னாள். "ஜன்னலோரக் கட்டில். தண்ணித் தொட்டி தெரியுமே, அந்த ஜன்னல். பொண்ணு. ரொம்பக் குட்டி. கண்ணே திறக்கலை. பக்கத்து ரூம்ல நீங்க யாரோ கூப்பிட்டீங்க. அவ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தா."

தம்பி சுவரோடு ஒட்டி நின்றான். அவன் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"உனக்கு அந்த நாள் நினைவிருக்கும்மா. ஆனா எனக்கு உன் முகம் நினைவில்லையே," என்றாள் வார்டம்மா. மெதுவாக, பொய் கலக்காமல் சொன்னாள். "எத்தனையோ பேரு. அப்படி ஜன்னலோரத்துல அழுதவங்களும் எத்தனையோ பேரு. கூப்பிட்டது நானாவும் இருக்கலாம்."

தம்பி மனைவி எழுந்து வந்து மைக் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"ஏன் அண்ணி எங்கிட்ட சொல்லலை? அர்த்தம் கொண்டா, அர்த்தம் கொண்டான்னு உங்களை ஊரெல்லாம் அலைய விட்டேனே. வெச்சிடலாம். பூனையா இருந்தா என்ன, யானையா இருந்தா என்ன? கூப்பிட்டா வர்றவ. இதைவிட நல்ல அர்த்தம் எந்த போன்ல இருக்கு? நாளைக்கு அதையே எழுதுவோம்."

எத்தனை வருட ஆசை! தட்டில் வைத்து நீட்டுகிறாள். மைக் அக்கா குழந்தையைப் பார்த்தாள். அது வார்டம்மாவின் கைக்குள், உலகத்தில் எந்தப் பெயரும் வேண்டாம் என்பதுபோல் வாயைத் திறந்து கிடந்தது. யாரைப்போலவும் இல்லாத முகம். இந்தக் கண்களும் கறுப்புத்தான். ஆனால் அவை இவளுடையவை.

"வேண்டாம்மா" என்றாள்.

"பூனைங்கிறதாலயா?"

"இல்லை. அர்த்தம் இப்போதானே தெரிஞ்சுது. கூப்பிட்டா வர்றவ. என் பொண்ணு கூப்பிட்ட குரலுக்கு வந்தா. பார்த்துட்டுப் போனா. அந்தப் பேருக்கு ஏற்கெனவே ஆள் இருக்கும்மா. நான்தான் இத்தனை நாளா அவளுக்குப் பேரே வைக்கலைன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். இவளுக்குப் புதுசா ஒண்ணு வைப்போம். அக்கா சட்டையைப் போடுற மாதிரி வேண்டாம்."

அக்கா என்று அவள் சொன்னதைக் கேட்டுத் தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் கம்பியில் இல்லாத தூசியைத் துடைத்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "அப்போ மறுபடியும் முதல்லேர்ந்தா?" என்று கேட்டான். அழுகைக்கு நடுவில் பெண்கள் மூவரும் சிரித்துவிட்டார்கள்.

"நீங்க கத்தாம இருந்தா போதும்," என்றாள் தம்பி மனைவி. "அண்ணி, நீங்க கூப்பிடுங்க. உங்க மைக் குரல்ல. அந்த நட்சத்திரப் பேரை."

மைக் அக்கா தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். குனிந்தாள். கூடத்தில் ஒரு தலை நிமிர்வதற்காகக் காத்திருக்கும் அதே நிதானத்தோடு சொன்னாள்.

"ஆதிரை... ஆதிரை."

குழந்தை அழவில்லை. தலையைக் கொஞ்சம் திருப்பியது. பிறகு முகம் முழுவதும் வாயாகும்படி ஒரு கொட்டாவி விட்டது.

"கொட்டாவி விட்டா சம்மதம்னு அர்த்தம்," என்றான் தம்பி. "எந்த அகராதியில வேணும்னாலும் தேடிப் பாரு."

வெயில் தாழ்ந்ததும் வார்டம்மா கிளம்பினாள். குழந்தையைக் கொடுக்க மனமில்லாமல் கொடுத்தாள். "என்னடி ஆதிரை, அடுத்த தடவை வரும்போது எழுந்து வந்து கதவைத் திறக்கணும், உங்கப்பனை நம்ப முடியாது" என்று அதன் கன்னத்தைத் தட்டினாள். மைக் அக்கா மட்டும் வாசல் வரை வந்தாள். கைத்தடி படியில் ஒரு தட்டு தட்டியது. இரண்டாவது படியில் நின்று வார்டம்மா திரும்பினாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, அவளை நன்றாகப் பார்த்தாள்.

ஊரெல்லாம் அவளுக்கு மைக் அக்கா என்றுதான் பெயர். தம்பிக்கு அக்கா, அவன் மனைவிக்கு அண்ணி. தெருவில் மற்ற பெண்களையெல்லாம் அவரவர் பிள்ளையின் பெயரோடு சேர்த்து அழைக்கும்போது, அவள் சற்று விலகி நின்று கேட்டுக்கொண்டு போவாள்.

"வரட்டுமா, நிமேலியம்மா?" என்றாள் வார்டம்மா.

பெயர் சொல்லி அழைப்பதையே வாழ்க்கையாகக் கொண்டவள், அழைக்கப்பட்டவளாக அங்கே நின்றாள். அவள் தலை நிமிர்ந்தது. தலையை ஆட்டினாள், ஆட்டிக்கொண்டே இருந்தாள். கைத்தடியின் சத்தம் படிப்படியாக இறங்கி, தெருவின் இரைச்சலில் கலந்த பிறகுதான் கதவின் மீது கை வைத்தாள். எப்போதும் தோளால் முட்டித் தள்ள வேண்டிய அந்தக் கதவு, அன்று அவள் கை பட்டதும் போய்ச் சாத்திக்கொண்டது.